ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய தென்காசி மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

பெட்ரோல் வண்டியிலிருந்து பேட்டரி வண்டிக்கு மாறுவதைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் முதலில் கார்தான் வருகிறது. விளம்பரத்தில் கார், தூத்துக்குடியில் திறந்த மின்வாகனத் தொழிற்சாலையிலும் கார். சங்கரன்கோவில் காரில் நகரும் ஊர் அல்ல. விடியுமுன் மல்லிகையும் பிச்சியும் பூச்சந்தைக்கு வருவது டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கத்தில் வைத்துக் கட்டிய மூட்டையில். விசைத்தறிக் கூடத்துக்கு நூலும் அங்கிருந்து சேலைக் கட்டும் போவது லோடு ஆட்டோவில். ரயிலடியிலிருந்து கோமதி அம்மன் சன்னதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் ஆட்டோவில் போகிறார்கள். இந்த மாற்றம் எங்களூருக்கு வருமானால் ஆட்டோ ஸ்டாண்டு வழியாகத்தான் வர முடியும். அதைத் தொடங்கிவைக்கும் அதிகாரத்தில் பெரும்பகுதி சென்னையிலோ டெல்லியிலோ இல்லை, உங்கள் மேசையிலேயே இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தமிழ்நாடு அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட மின்வாகனக் கொள்கை ஆறு நகரங்களை மின்வாகன நகரங்களாக வளர்க்கப்போவதாகச் சொன்னது: சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. எங்களுக்கு அருகில் இருப்பது திருநெல்வேலி. 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பெருநகரங்களை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே புகை அதிகம், வண்டிகள் அதிகம், முதல் போட ஆட்களும் அதிகம். ஆனால் பேட்டரி வண்டிக்கு எந்த ஊர் தோது என்று பார்த்தால் விடை வேறாக வரும். எங்கள் ஆட்டோ ஒரு சவாரிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடும். கொஞ்சம் தள்ளிப் போனால் கரிவலம்வந்தநல்லூர், இன்னும் போனால் கழுகுமலை, புளியங்குடி. சாயங்காலம் எல்லா வண்டியும் வீடு திரும்பிவிடும். வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயம் கார்காரருக்கு இருக்கும் அளவுக்கு இங்கே இருக்க வேண்டியதில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு பெட்ரோல் ஆட்டோ 100 கிலோமீட்டர் ஓட மூன்றரை லிட்டராவது குடிக்கும், 350 ரூபாய். அதே தூரத்துக்கு மூன்று சக்கரப் பேட்டரி வண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 8 யூனிட் போதும். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கூட்டியே போட்டாலும் 80 ரூபாய்தான். நாள் ஒன்றுக்கு 250 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது என்றால், அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு அது வழியாகும். அதோடு, பேட்டரியில் ஓடும் வாடகை வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. அடுத்தவர் ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் சொந்த வண்டிக்காரர் ஆவதற்கான வாசல் இது.

அப்படியானால் ஏன் மாறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டாண்டில் நின்று அரைமணி நேரம் பேசினால் காரணம் தெரியும். "அண்ணாச்சி, நான் குடியிருக்கிறது வளவு வீடு. வீட்டுக்காரர் ஃபேன் ஓடுறதுக்கே கணக்குக் கேக்காரு. வண்டிக்குச் சார்ஜ் போட விடுவாரா?" இதுதான் முதல் தடை. கொள்கை எழுதுகிறவர்களின் கண்ணுக்கு இது எளிதில் படாது. சொந்த வீடும், போர்ட்டிகோவும், தனி மீட்டரும் உள்ளவரை மனத்தில் வைத்துத்தான் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்களில் பலர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஒரே மீட்டரிலிருந்து நாலைந்து குடித்தனங்களுக்குக் கரண்டு பிரியும் வளவில், வாசலில் நிற்கும் வண்டிக்கு வயர் இழுக்க இடமும் கிடையாது, உரிமையும் கிடையாது. சொந்த வீடு இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. தினமும் 7, 8 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 400 யூனிட்டுக்கு மேல் கூடுகிறது. வீட்டுக் கரண்டும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணப் படியே மாறி, முன்பு குறைந்த விலைக்குக் கிடைத்த யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். 250 ரூபாய் மிச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

ஆகவே, முதல் தேவை ஒரு பொது இடம். பேருந்து நிலையத்துக்கோ பூச்சந்தைக்கோ பக்கத்தில் கூரை போட்டு, இருபது முப்பது ஆட்டோக்கள் நின்று சார்ஜ் ஏற்ற வசதி செய்ய வேண்டும். கார்களுக்குப் போடும் லட்சக்கணக்கான ரூபாய் அதிவேக எந்திரம் இதற்குத் தேவையில்லை. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கும், பாதுகாப்பான வயரிங்கும், வண்டிவாரியாகக் கணக்குக் காட்டும் மீட்டரும், ஒரு காவலாளும் போதும். நகராட்சி இடம் தரலாம். மின்பகிர்மானக் கழகம் தனி இணைப்புத் தரலாம். இந்த இரண்டு அலுவலகங்களையும் ஒரே நாளில் உட்காரவைக்க மாவட்டத்தில் உங்களால்தான் முடியும்.

நேரம்கூட எங்களுக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. காலையில் பூ, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று ஓடுகிற ஆட்டோவுக்கு 11 மணிக்கு மேல் சவாரி குறையும். மூன்றரை மணி வரை வேப்பமர நிழலில் வண்டிக்குள்ளேயே கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். மத்திய மின் அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையோ, பொதுச் சார்ஜ் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் 70 விழுக்காட்டுக்கும், மற்ற நேரங்களில் 130 விழுக்காட்டுக்கும் மின்சாரம் தரச் சொல்கிறது. வெயில் காயும் நேரத்தில் சூரிய மின்சாரம் மிகுந்து கிடப்பதுதான் காரணம். எங்கள் ஆட்டோக்காரர்கள் சும்மா இருக்கும் நேரமும் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரமும் ஒன்றாக இருக்கிறது. சென்னையில் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் டாக்சிக்கு இந்த வசதி கிடையாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை எங்கள் மண்ணைக் கடந்துதான் கயத்தாறு பக்கம் போகிறது. சுரண்டையில் நின்றாலும் தேவர்குளத்தில் நின்றாலும் அடிவானம் முழுக்கக் காற்றாலைகள். 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை முயற்சி, இன்று தமிழ்நாடு முழுக்க 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிறுவுதிறனாக வளர்ந்திருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து உண்டு. சங்கரன்கோவில் நிலம் என்றால் தென்மலை காற்று. அந்தக் காற்றை நம்பி ஊரெல்லாம் கோபுரம் நட்டபிறகும், காற்று பலமாக அடித்துத் தேவை குறையும் நேரங்களில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் நிலை தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. கம்பியில் போகும் மின்சாரத்துக்கு ஊர்ப் பெயர் கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் இங்கே உற்பத்தியாவதை இங்கேயே செலவழிக்க ஒரு தேவை உருவானால் வழியில் ஏற்படும் இழப்பு குறையும். அரபு நாட்டிலிருந்து கப்பலில் வரும் எண்ணெய்க்கு இந்த ஊர்ப் பணம் வெளியே போவதும் அந்த அளவுக்குக் குறையும்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறதே, அப்புறம் பேட்டரி வண்டியால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் எரிபொருளின் ஆற்றலில் கால்பங்கு அளவைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது; மிச்சம் வெப்பமாகப் போகிறது. மோட்டாரில் வீணாவது மிகக் குறைவு. மின்உற்பத்தியில் காற்றும் வெயிலும் கூடக்கூட, ஏற்கனவே ஓடும் பேட்டரி வண்டியின் புகைக்கணக்கும் தானாகவே இறங்கும். பழைய பெட்ரோல் ஆட்டோ வருடம் ஆக ஆக அதிகமாகத்தான் புகைக்கும்.

அரசு ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வட இந்தியா சாட்சி. இந்தியாவில் இன்று விற்கும் மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்வண்டிகள். அவற்றில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களில் ஓடும் இ-ரிக்‌ஷாக்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாரும் திட்டமிடாமலேயே அவை பெருகின. சட்டம் அவற்றை ஏற்றுக்கொண்டது 2015-இல்தான். அதற்குள் உரிமமில்லாத வண்டிகள், ஓராண்டு தாங்காத ஈய-அமில பேட்டரிகள், கொக்கி போட்டுச் சார்ஜ் ஏற்றும் கொட்டகைகள் என்று எல்லாம் நிலைபெற்றுவிட்டன. ஏழைகளுக்குப் பிழைப்பு கிடைத்தது, அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிழைப்பில் வந்த வருமானத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பேட்டரி தின்றது. நல்ல லித்தியம் பேட்டரி, முறையான இணைப்பு, பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகியவற்றோடு நாம் தொடங்க முடியும். பழைய பேட்டரிக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 2022-இல் விதியே வந்துவிட்டது.

அடுத்த தடை கடன். மூன்று சக்கர மின்வண்டி ஏறத்தாழ 3 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை ஆகிறது. பேட்டரி எத்தனை வருடம் வரும், பழைய வண்டி என்ன விலை போகும் என்று தெரியாததால் வங்கிகள் தயங்குகின்றன. ஆட்டோக்காரர் தனியார் நிதி நிறுவனத்துக்குப் போகிறார்; அங்கே வட்டி கூடுதல், டியூ ஒரு மாதம் தவறினால் வண்டி போய்விடும். மாவட்ட வங்கியாளர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் நீங்கள். முத்ரா கடன் திட்டம் 2015 முதல் இருக்கிறது. அதில் சங்கரன்கோவில் வட்டாரத்து ஆட்டோக்காரர்களுக்கென ஓர் இலக்கு வைத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டாலே கிளை மேலாளர்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்பார்கள்.

மெக்கானிக்குகளை மறந்துவிடக் கூடாது. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியே குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் அவர்கள். பேட்டரி வண்டியில் கார்புரேட்டரும் இல்லை, ஆயில் மாற்றும் வேலையும் இல்லை. "வண்டி நின்னு போச்சுன்னா திருநெல்வேலிக்குத்தானே கட்டி இழுக்கணும்" என்று ஆட்டோக்காரரும் பயப்படுகிறார். இருவர் கவலைக்கும் மருந்து ஒன்றுதான். 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்தும் வேலையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் எடுத்தது. மின்வாகன மெக்கானிக் என்ற பாடப்பிரிவும் ஐ.டி.ஐ.க்களில் வந்திருக்கிறது. ஆனால் நாற்பது வயது மெக்கானிக் கடையை மூடிவிட்டு இரண்டு வருடம் வகுப்பில் உட்கார மாட்டார். அவருக்கு மாலைநேர வகுப்பு வேண்டும், ஊரிலேயே வேண்டும், பயிற்சி நாட்களில் ஒரு சிறு உதவித்தொகையும் வேண்டும்.

விசைத்தறிக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்ந்தது. அந்தச் சலுகை இல்லாவிட்டால் எங்கள் தெருக்களில் எத்தனை தறிகள் நின்றிருக்கும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு தொழிலை மின்கட்டணமே வாழவைக்கும், அல்லது முடித்துவைக்கும். ஆட்டோவும் இந்த ஊரில் ஒரு தொழில்தான். அதற்கான கட்டணத்தையும் அந்த அக்கறையோடு பார்க்கும்படி மேலிடத்துக்கு நீங்கள் எழுத வேண்டும்.

ஆட்டோவைத் தாண்டிப் பேருந்தையும் பார்க்கலாம். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினிபஸ் திட்டத்தில் ஒரு வழித்தடத்தின் உச்ச நீளம் 25 கிலோமீட்டர். இதைவிடத் தோதான தூரம் மின்பேருந்துக்குக் கிடைக்காது. குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கிராமங்களுக்கு இனி அறிவிக்கும் தடங்களில் மின்வண்டி வாங்குகிறவருக்கு முன்னுரிமை தர முடியுமா என்று பாருங்கள். சென்னையில் 2025 ஜூன் முடிவில் 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. எங்கள் பணிமனைக்குப் பத்து வந்தால்கூட டவுன் பஸ் தடங்களுக்கு அது பெரிய தொடக்கம்.

இதற்கெல்லாம் முன்னோட்டம் பார்க்க எங்களிடம் ஒரு நாள் இருக்கிறது. கோமதி அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் சனம் வருகிறது. மாவட்டத்துக்கே நீங்கள் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறீர்கள். ஊருக்குள் பேருந்து வர முடியாமல் வெளியே நிறுத்துகிறார்கள். அங்கிருந்து வயதானவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் கோயிலுக்கு வருவதற்குள் களைத்துப்போகிறார்கள். அந்தத் திருநாளில் அங்கிருந்து ரத வீதி முனை வரை பேட்டரி ஆட்டோக்களை மட்டும் ஓடவிடுங்கள். தற்காலிகச் சார்ஜ் கொட்டகை ஒன்று போடுங்கள். எவ்வளவு கரண்டு செலவானது, எத்தனை சவாரி ஓடியது, எங்கே சிக்கியது என்று பொறியாளர்கள் குறித்துக்கொள்ளட்டும். காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும் மாதம் அது.

அதற்கு முன்பே ஒரு கூட்டம் நடக்க வேண்டும். நகராட்சி, மின்பகிர்மானக் கழகம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், வங்கிகள் எல்லாம் வரட்டும். அவர்களோடு ஆட்டோக்காரர்களையும் மெக்கானிக்குகளையும் கூப்பிடுங்கள், முன்வரிசையில் உட்காரவையுங்கள். கூட்டத்தைத் தென்காசியில் வைக்காமல் சங்கரன்கோவிலிலேயே வையுங்கள். ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு அவர்களால் வர முடியாது. நேரம் மதியம் 12 மணி என்றால் எல்லோருக்கும் வசதி. மூன்றரைக்குள் முடித்துவிடுங்கள், பள்ளிக்கூடச் சவாரி இருக்கிறது.

இப்படிக்கு,
சங்கரன்கோவில் வாசி ஒருவன்