முதல் பணம் கடனாக வேண்டாம்: தோட்டப்புறத் தொழில்முனைவோர் குறித்து எங்கள் நிலைப்பாடு

தோட்டத்தில் பிறந்த பிள்ளை சொந்தத் தொழில் தொடங்கினால் முதல் பணம் எங்கிருந்து வருகிறது? சுங்கை பட்டாணியில் கேட்டாலும் பாடாங் செராயில் கேட்டாலும் கதை ஒன்றுதான். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். கூட்டுச் சீட்டுப் பணம் முதல் மாதத்திலேயே எடுக்கப்படும். அதுவும் பற்றாவிட்டால் ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர்.

இவை எல்லாமே கடன். அரசின் டெக்குன் நிறுவனம் வழி இந்தியத் தொழில்முனைவோருக்குக் கிடைக்கும் ஸ்பூமி திட்டமும் கடன்தான். அதை நாங்கள் வரவேற்கிறோம். அது தொடர வேண்டும். ஆனால் கூலிம் ஹைடெக் பூங்கா ஆலைகளுக்குச் சிறு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்காரரை நினைத்துப் பாருங்கள். சரக்கு போய் இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வரும். தவணையோ மாதாமாதம் கதவைத் தட்டும். தொழில் கெட்டிருக்காது, கையில் காசு இருக்காது, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறோம்: தொடக்கப் பணம் பங்காக வரட்டும். நட்டம் வந்தால் கொடுத்தவருக்கும் நட்டம், வளர்ந்தால் இருவருக்கும் லாபம்.

தொடக்க நிலைத் தொழிலில் சொந்தப் பணத்தைப் பங்காகப் போடும் ஏஞ்சல் முதலீடு கோலாலம்பூர்க் கணினிப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று நம்மவர்கள் ஒதுங்குகிறார்கள். ஆனால் மலேசியப் பங்கு பத்திர ஆணையத்தின் வரையறைப்படி, ஆண்டு வருமானம் 1,80,000 வெள்ளியோ நிகரச் சொத்து 30 லட்சம் வெள்ளிக்கு மேலோ இருந்தால் ஒருவர் ஏஞ்சல் முதலீட்டாளர் ஆகலாம். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து இன்று மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் இருப்பவர்களில் இந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள் கெடாவிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் பணம் இரண்டாவது கடைவீட்டில் முடங்குகிறது. அதில் ஒரு பகுதியை, பத்துப் பேராகச் சேர்ந்து, நாலைந்து தொழில்களில் பிரித்துப் போடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்கிறோம்.

வசதி இல்லாதவர்களுக்கும் பங்கு சேர்ப்பது புதிதல்ல. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். தொழிலாளிக்கு வேலையோடு வீடும் போனது. 1960இல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்க்கச் சொன்னார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். பால் வெட்டிய கையே அந்த மரங்களுக்குப் பங்குதாரர் ஆனது.

மைக்கா என்ற நம் முதலீட்டு நிறுவனத்தின் கதையை மறைத்துவிட்டுப் பங்கு பற்றிப் பேச முடியாது. 1982இல் உருவான மைக்கா ஹோல்டிங்ஸில், நகை விற்றுக்கூடப் பங்கு வாங்கினார்கள். 2010இல், அவர்கள் வாங்கிய விலைக்கும் குறைவாக, பங்குக்கு 80 காசு என்று அது கைமாறியது. இன்றும் 'பங்கு' என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இல்லாத எந்தத் திட்டத்தையும் நாங்கள் ஆதரிக்கவும் மாட்டோம்.

ஆகவே பணம் திரட்டுவது இரண்டு வழிகளில் மட்டும் நடக்கட்டும். ஒன்று, 1993 கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம். மற்றது, பங்கு பத்திர ஆணையத்தின் அனுமதி பெற்று, பலரிடம் சிறு சிறு பங்காக இணையத்தில் பணம் திரட்டும் பங்குத் திரள்நிதித் தளம். ஆசியான் நாடுகளில் இத்தகைய தளங்களுக்கு முதலில் விதி வகுத்தது மலேசியாதான், 2015இல். மாதம் பத்து விழுக்காடு உறுதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது எதுவாக இருந்தாலும், கொண்டுவருபவர் உறவினராகவே இருந்தாலும், அது முதலீடு அல்ல. தொடக்க நிலைத் தொழிலில் போட்ட பணம் முழுதும் போகலாம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். ஓய்வுக்காலச் சேமநிதியை எடுத்து இதில் போட வரும் தோட்டத்து அண்ணன்மாரையும் அக்காமாரையும் திருப்பி அனுப்புங்கள்.

இப்படித் திரட்டிய நிதியின் வரவுசெலவுக் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோயில் மண்டபத்திலோ சமூக மண்டபத்திலோ எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் நிர்வாகத்தில் இருக்கக்கூடாது. எங்கள் செயலவையினரும் அவர்கள் குடும்பத்தாரும் இத்தகைய நிதியிலிருந்து தங்கள் தொழிலுக்குப் பணம் பெறமாட்டார்கள். ஒரு வெள்ளி படியும் வாங்கமாட்டார்கள்.