பிழிந்தது போதும்!

கரும்பு வெட்டும் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு லோடு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுப் பெட்டி அலறும். பத்து டிராக்டர், பத்துப் பாட்டு. கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். மெட்டு வேறு, குரல் வேறு. ஆனால் எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கும். முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை ஒரே உயரம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. மூச்சு விட ஓர் இடம் இல்லை.

டிரைவரைத் திட்டாதீர்கள். டீசல் இன்ஜினை மீறி அவர் காதுக்குப் பாட்டு எட்டணும், வால்யூமைக் கூட்டுகிறார். நான் சண்டைக்கு வந்திருப்பது அவரோடு அல்ல. அந்தப் பாட்டை ஸ்டுடியோவிலேயே ரோடு ரோலர் ஏற்றித் தட்டையாக்கி அனுப்பிய புண்ணியவானோடு.

அவர் கையில் இருந்த கருவிக்குப் பெயர் கம்ப்ரஸர். எம்.பி.3 ஆக்கும்போது ஃபைலைச் சின்னதாக்குகிறார்களே, அது வேறு கம்ப்ரஷன். இது ஒலியின் ஏற்ற இறக்கத்தையே சுருக்குவது.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கம்ப்ரஸர் என்பது ஒலிக்குப் போடும் வருமான வரி. ‘த்ரெஷோல்டு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதுதான் வரி விலக்கு வரம்பு. அதற்குக் கீழே இருக்கும் சத்தத்தைத் தொடமாட்டார்கள். ‘ரேஷியோ’ என்பது வரி விகிதம். 4-க்கு 1 என்று வைத்தால், வரம்புக்கு மேலே போகிற ஒவ்வொரு 4 டெசிபலிலும் 1 டெசிபல்தான் வெளியே வரும். அதாவது 75 சதவிகித வரி! ‘அட்டாக்’ என்பது அதிகாரி எவ்வளவு சீக்கிரம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்பது. ‘ரிலீஸ்’ என்பது எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்புகிறார் என்பது. கடைசியாக ‘மேக்கப் கெயின்’. மேலே வெட்டியதில் மொத்தச் சத்தமும் குறைந்துவிடும் இல்லையா, அதை ஈடுகட்ட எல்லாரையும் ஒரேயடியாகத் தூக்கிவிடும் இலவசத் திட்டம்.

1973-74-ல் நம் நாட்டில் உச்ச வருமான வரி, சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து, 97.75 சதவிகிதம். கம்ப்ரஸரில் அப்படி வைத்தால் அதற்கு ‘லிமிட்டர்’ என்று பெயர். தலையைத் தூக்கினால் வெட்டு!

வரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. பாடகர் வரியின் கடைசி வார்த்தையை விழுங்கிவிடுவார். அதை மேலே கொண்டுவந்து நம் காதில் சேர்ப்பது கம்ப்ரஸர்தான். வானொலியில் திடீரென்று எகிறும் குரல் டிரான்ஸ்மிட்டரைத் திணறடிக்காமல் காப்பாற்றியதும் இந்த ஜாதிக் கருவிதான். மெல்லிய குரலும் கேட்கணும் என்பதற்காக வந்த கருவி இது. இன்று மெல்லிய குரலே இருக்கக் கூடாது என்பதற்காகப் பயன்படுகிறது. என் ஆத்திரமெல்லாம் அங்கேதான்.

ஏன் இப்படி ஆனது? நம் காதின் ஒரு பலவீனம் காரணம். ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, ஒன்றைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால், சத்தமாக இருப்பதுதான் ‘நல்லா இருக்கு’ என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். வியாபாரிகளுக்கு இது போதாதா? “பக்கத்துக் கடைப் பாட்டைவிட நம்ம பாட்டு தூக்கலா இருக்கணும் சார்!” டிஜிட்டலில் 0 டெசிபல் என்பது கூரை. அதைத் தாண்ட முடியாது. தாண்ட முடியாதவன் என்ன செய்வான்? தரையைத் தூக்கிக் கூரையில் முட்டவைப்பான். 1990-களில் குறுந்தகடுகளில் உலகம் முழுக்க நடந்த இந்தக் குஸ்திக்கு ‘சத்த யுத்தம்’ என்றே பெயர். 2008-ல் மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் வந்தபோது, சத்தம் தாங்காமல் பிசிறடிக்கிறது, மறுபடி மிக்ஸ் பண்ணிக் கொடுங்கள் என்று ரசிகர்களே ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். ஹெவி மெட்டல் ரசிகர்கள் ‘சத்தம் ஜாஸ்தி’ என்கிறார்கள் என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

டி.வி. விளம்பரமும் இதே தில்லுமுல்லுதான். சீரியலில் மாமியார் அதிகபட்சம் எவ்வளவு கத்துகிறாரோ, அந்த உச்சத்தை விளம்பரமும் தாண்டாது. ஆனால் மாமியார் எப்போதாவதுதான் கத்துவார். விளம்பரம் 30 விநாடியும் கத்தும். விளம்பரம் மிகையான சத்தத்தோடு இருக்கக் கூடாது என்று 1994-ம் ஆண்டின் கேபிள் டி.வி. விதிகளிலேயே ஒரு வரி இருக்கிறது. எத்தனை டெசிபல் என்று அந்த வரியில் இல்லை. அமெரிக்காவில் இதற்கென்றே 2010-ல் சட்டம் போட்டு, 2012 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நாம் ரிமோட்டைத் தேடுகிறோம்.

இப்போதைய வேடிக்கை என்ன தெரியுமா? யுத்தம் முடிந்துவிட்டது. முடிந்தது தெரியாமல் நம் ஆட்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை, யூ டியூப் இரண்டுமே வழக்கமான அமைப்பில் பாட்டின் சராசரிச் சத்தத்தை அளந்து, மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற அளவுக்கு மேலே இருந்தால் தாங்களே குறைத்துவிடுகின்றன. நீங்கள் அதைவிட 7 டெசிபல் ஏற்றி அனுப்பினால், அவர்கள் 7 டெசிபல் இறக்குவார்கள். ஜெயித்தது பூஜ்யம். பிழிந்ததில் போன உயிர் மட்டும் திரும்பி வராது.

மூங்கில்துறைப்பட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். கரும்பைப் பிழிந்தால் சாறு வரும். சாற்றையும் சக்கையையும் பக்கத்தில் வைத்து எத்தனை நாள் பூஜை செய்தாலும் கரும்பு வராது.

“பஸ்ஸில, பைக்கில போறவன்தான் சார் பாட்டுக் கேக்குறான். மெல்லிசா வச்சா யாருக்குக் கேக்கும்?” என்பார்கள். நியாயமான கேள்வி. இரைச்சலில் கேட்பவருக்குக் கொஞ்சம் சுருக்கிக் கொடுக்கும் வசதியைக் கேட்கிற கருவியிலேயே வைக்கலாம். ராத்திரியில் பக்கத்து வீட்டை எழுப்பாமல் படம் பார்க்கப் பல டி.வி.க்களில் அப்படி ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது. வேண்டுபவர் போட்டுக்கொள்வார். பஸ்ஸில் போகிறவருக்காக, வீட்டில் விளக்கணைத்துக் கேட்பவரையும் பஸ்ஸில் ஏற்றுவது என்ன நியாயம்?

சினிமாப் பாட்டோடு போனால் நான் இவ்வளவு கத்தமாட்டேன். 1950-களின் இறுதியில் வந்த ஃபேர்சைல்டு 670 என்ற கம்ப்ரஸருக்குள் 20 வால்வுகள். எடை ஏறக்குறைய 30 கிலோ. பெரிய ஸ்டுடியோக்காரர்கள்தான் தொட முடியும். இன்று ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலேயே ஒரு கம்ப்ரஸர் உண்டு. லேப்டாப் வைத்திருக்கும் கிராமத்துப் பையன் தெருக்கூத்தை, ஒப்பாரியை, நாதஸ்வரத்தைத் தானே பதிவு பண்ணலாம். கோடம்பாக்கத்தின் தயவு வேண்டாம். எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அவனுக்குக் கிடைக்கும் பாடம் என்ன? ‘இந்த செட்டிங்கைப் போடு, சும்மா அதிரும்!’

அதிரும். என்ன அதிரும் என்று பாருங்கள். தவிலில் குச்சி விழும் அந்த ‘டண்’ முதல் சில மில்லி விநாடிகளில் இருக்கிறது. அட்டாக்கை 1 மில்லி விநாடிக்கு வைத்தால், அதிகாரி வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அடி வந்த உடனே வெட்டு. தவில் தலையணையாகிவிடும். ஒப்பாரியில் பாட்டி குரலை உடைத்து இறக்குவார். அந்த இறக்கத்தில்தான் துக்கம் இருக்கிறது. தாராளமாகச் சுருக்கி மேக்கப் கெயின் கொடுத்தால், அந்த விசும்பல், மின்விசிறி இரைச்சல், தூரத்துப் பம்பு செட் மூன்றும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். எது துக்கம், எது மோட்டார்?

கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். வரிசையை மாற்றிக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் மைக்கை எங்கே வைப்பது என்று படியுங்கள். அடுத்து, சத்தத்தைக் கையாலேயே ஏற்றி இறக்கப் பழகுங்கள். அதன் பிறகு கம்ப்ரஸர். மீட்டரில் 2, 3 டெசிபல் குறைந்தால் பல நாட்டுப்புறக் குரல்களுக்குப் போதும். மிக முக்கியம்: கம்ப்ரஸர் போட்டது, போடாதது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். அப்போதும் போட்டதுதான் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பல சமயம் இருக்காது.

அரசாங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் சொல்லித் தருகிறோம். வாரம் ஒரு மணி நேரம் ஒலிப்பதிவும் சொல்லித் தந்தால் கஜானா காலியாகிவிடாது. 2019-ல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாமே!

பாடுகிற பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் போன பிறகு, மிச்சமிருக்கப்போவது இந்தப் பையன்கள் எடுத்த பதிவுகள்தான். எனவே தம்பிகளே, தங்கைகளே, எந்தப் பொத்தானையும் தொடும் முன்னால், பிழியாத ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்ற வித்தையெல்லாம் அப்புறம்.