பட்டத்துக்கு முன்பே ஒரு வாடிக்கையாளர்: வளைகுடாவில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு எது தேவை?

வளைகுடா நாடுகளில் எமது பிள்ளைகள் பிறக்கிறார்கள், பள்ளி செல்கிறார்கள், பட்டமும் பெறுகிறார்கள். ஆனால் அந்த மண்ணில் அவர்களுக்கு நிரந்தர உரிமை எதுவும் கிடைப்பதில்லை. கனடாவிலோ பிரித்தானியாவிலோ உள்ள எம்மவரின் நிலை வேறு. வளைகுடா ஒத்துழைப்புச் சபையின் ஆறு நாடுகளில் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையவில்லை. ஊர் திரும்ப முடியாதவரும் அங்கே தொழிலாளியாக, வீசாவுக்கு வீசா என்றுதான் வாழவேண்டும்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த மாற்றங்களின்படி, தந்தையோ தாயோ தமது அனுசரணையில் ஆண்பிள்ளையை 25 வயது வரை வைத்திருக்கலாம். முன்பு இந்த எல்லை 18. திருமணமாகாத பெண்பிள்ளைக்கு வயது எல்லை இல்லை. 22 வயதில் பட்டம் பெறும் மகனுக்குச் சொந்தமாக ஒரு வேலையும் வீசாவும் தேட மூன்று ஆண்டுகள் உள்ளன என்பதே இதன் பொருள். அதுவும் பெற்றோரின் வேலை நிலைத்தால்தான்.

அந்த மூன்று ஆண்டுகளில் அவன் எங்கே போட்டியிடுகிறான்? தனியார் துறையில் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், திறன்சார் பதவிகளில் உள்நாட்டவரின் பங்கை ஆண்டுக்கு 2 வீதம் கூட்டவேண்டும் என்ற விதி 2022இல் வந்தது. நிரப்பப்படாத ஒவ்வோர் இடத்துக்கும் தொடக்கத்தில் மாதம் 6,000 திர்ஹம் செலுத்தவேண்டியிருந்தது. சவூதி அரேபியா இதுபோன்ற திட்டத்தை 2011 முதலே நடத்துகிறது. தமது இளைஞருக்கு வேலை தேடும் உரிமை அந்த நாடுகளுக்கு உண்டு. ஆனால் எமது பட்டதாரிகள் குறிவைக்கும் அலுவலகத் தொடக்கநிலைப் பதவிகளைத்தான் இந்த விதிகள் முதலில் தொடுகின்றன.

தெரிந்தவர் மூலம் அனுபவம்

இதுவரை எமது குடும்பங்கள் அறிந்த வழி ஒன்றே: அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் கடையில் அல்லது கார்கோ அலுவலகத்தில் பிள்ளை சில மாதம் “பழகுவது”. அந்த வழி இப்போது ஆபத்தானது. உரிய அனுமதியின்றி ஒருவரை வேலைக்கு வைத்தால், 2024இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி தண்டப்பணம் ஒரு இலட்சம் திர்ஹத்திலிருந்து பத்து இலட்சம் திர்ஹம் வரை செல்லும். 15 வயதுக்கு மேற்பட்ட மாணவரைப் பயிற்சிக்கு எடுக்கத் தொழில் அமைச்சு தனி அனுமதி வழங்குகிறது. உதவி செய்ய வந்த நண்பரைச் சிக்கலில் மாட்டிவிடாமல் இருக்க, அந்த அனுமதியைப் பற்றி அறிந்துவைப்பது நல்லது.

பெரும்பாலான பெற்றோர் கவனிக்காத இன்னொரு வழி பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உண்டு. கற்கைநெறியின் ஒரு பகுதியாக, நான்கைந்து மாணவர் குழுவாகச் சேர்ந்து, வெளியே உள்ள ஓர் உண்மையான நிறுவனத்தின் சிக்கலை எடுத்துத் தீர்ப்பது. 2004 முதல் கட்டாரின் எடியுகேஷன் சிற்றியில் இயங்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், தகவல் முறைமைகள் பயிலும் மாணவர் இப்படி வெளி வாடிக்கையாளருக்காகக் குழுவாகப் பணிசெய்கிறார்கள். 2000இல் டுபாயில் தொடங்கிய பிட்ஸ் பிலானி வளாகத்திலும் இதற்கு நெருங்கிய ஒரு மரபு உண்டு. அதன் தாய்ப் பல்கலைக்கழகம் 1973 முதல் “பிராக்டிஸ் ஸ்கூல்” என்ற பெயரில் மாணவரைத் தொழில் நிறுவனங்களுக்கு அனுப்பி, அந்த வேலைக்கே புள்ளியும் வழங்கிவருகிறது.

ஒரு சாப்பாட்டுக்கடைக் கணக்கு

இதில் என்ன கற்கலாம் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தால் பார்ப்போம். டுபாய் கராமாவில் ஒரு சாப்பாட்டுக்கடை. “செயலி வழியாக வரும் ஓடர்களைக் கூட்டித் தாருங்கள்” என்று முதலாளி மாணவர் குழுவிடம் கேட்கிறார். ஒரு பார்சல் 40 திர்ஹம். செயலிக்குத் தரகு 25 வீதம் என்று வைத்தால் 10 திர்ஹம் போய்விடும். பொருட்செலவு 16, பொதியிட 2. மிஞ்சுவது 12 திர்ஹம். அதிலிருந்துதான் வாடகை, சம்பளம், தொழிலாளரின் வீசாச் செலவு எல்லாம் வரவேண்டும். கணக்குப் போட்ட பிறகுதான் தெரிகிறது, முதலாளி கேட்டது ஒன்று, அவருக்குத் தேவைப்படுவது வேறொன்று என்று. அதை 20 வயது மாணவி 50 வயது முதலாளியிடம், அவர் முகம் சுழிக்காதபடி, எண்களைக் காட்டிச் சொல்லவேண்டும். இந்தத் திறனைப் பரீட்சைத் தாளில் சோதிக்க முடியாது.

இன்னொன்று வரி. 2018 சனவரியில் 5 வீத வற் வரி வந்தது. 12 மாத விற்பனை 375,000 திர்ஹத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஒரு நாளைக்கு ஆயிரம் திர்ஹத்துக்குச் சற்று மேல் விற்கும் கடையே அந்த எல்லையைத் தொட்டுவிடும். 2023 யூன் முதல் நிறுவன வரியும் சேர்ந்தது. 375,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட இலாபத்துக்கு 9 வீதம். இரண்டிலும் ஒரே எண் வருவதால் சிறு வணிகர் பலர் குழம்புகிறார்கள். முன்னையது விற்பனை, பின்னையது இலாபம். ஆண்டு வருமானம் 30 இலட்சம் திர்ஹத்துக்கு மேற்படாத சிறு வணிகத்துக்கு 2026 திசெம்பர் 31 வரை முடிவடையும் வரிக்காலங்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் பதிவும் அறிக்கையும் தவறக்கூடாது. வரி அறிக்கை தயாரிப்பது கணக்காளரின் வேலை. அதற்கு வேண்டிய பற்றுச்சீட்டுகளையும் பேரேட்டையும் ஒழுங்குபடுத்தும் முறையை ஒரு மாணவர் குழு ஒரு பருவத்தில் அமைத்துக் கொடுக்கலாம். எமது சிறு வணிகருக்கு இன்று இது மெய்யாகவே தேவைப்படுகிறது.

பெயருக்கு நடப்பவை

இந்த முறையை வானளாவப் புகழவும் வேண்டியதில்லை. சில இடங்களில் “வாடிக்கையாளர்” பருவத் தொடக்கத்தில் ஒருமுறை வந்து பேசிவிட்டு, முடிவில் கைதட்டப் போவார். குழுவில் ஒருவர் எல்லாவற்றையும் எழுத, மற்ற நால்வர் பெயர் போட்டுக்கொள்வார்கள். ஊதியம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை இலவசமாக வாங்கிக்கொள்ளும் நிறுவனமும் உண்டு. சட்டமும் கவனிக்கத்தக்கது. தொண்டு அமைப்புக்காகச் செயற்றிட்டம் செய்கிறோம் என்று மாணவர் தாமாகப் பணம் திரட்ட முடியாது. நன்கொடை திரட்டுவதை 2021ஆம் ஆண்டின் சட்டம் அனுமதி பெற்ற அமைப்புகளுக்கே விட்டிருக்கிறது. வாடிக்கையாளரின் தரவைக் கையாள்வதற்கும் அதே ஆண்டில் தனிச் சட்டம் வந்துள்ளது.

வெளிநாட்டுப் பெயர்ப்பலகை மட்டும் உத்தரவாதமல்ல. தொழிலோடு இணைந்த கோ-ஒப் கல்வியை 1957 முதல் நடத்தும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தை ரொறன்ரோவில் உள்ள எம்மவர் நன்கு அறிவர். அது 2009இல் டுபாயில் திறந்த வளாகம், மாணவர் சேர்க்கை போதாமல் 2013இல் மூடப்பட்டது.

ஆகவே அனுமதிக் கட்டணம் செலுத்துமுன் பெற்றோர் சில கேள்விகளை நேரடியாகக் கேட்கவேண்டும். கடந்த ஆண்டு எந்த நிறுவனங்கள் வாடிக்கையாளராக இருந்தன? மாணவர் எத்தனை வாரம் அவர்களைச் சந்தித்தார்கள்? குழுவுக்குள் ஒவ்வொருவரின் பங்கும் தனித்தனியே மதிப்பிடப்படுகிறதா? பயிற்சி அனுமதி தேவைப்பட்டால் எடுத்துத் தருவது யார்? முடிவில் வாடிக்கையாளர் கையொப்பமிட்ட கடிதம் கிடைக்குமா? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. அப்பாவின் நண்பர் அல்லாத ஒருவர் பிள்ளையின் வேலையைப் பார்த்து எழுதிய முதல் சாட்சி அந்தக் கடிதம்தான். பிள்ளை நாளை டுபாயில் நின்றாலும், தோகாவுக்கோ இலண்டனுக்கோ கொழும்புக்கோ போகவேண்டி வந்தாலும் அது கூடவே போகும்.

எமது வணிகருக்கும் இதில் பங்குண்டு. கோவில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் தாராளமாக அனுசரணை தருபவர்கள், ஆண்டுக்கு ஒரு பருவம் தமது கணக்குப் புத்தகத்தைப் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டோடு ஒரு மாணவர் குழுவுக்குத் திறந்துவிட முன்வரலாம். இதில் அவர்கள் இழப்பது வாரம் ஒரு மணித்தியாலம். பதிலுக்கு, 25 வயதை நெருங்கும் ஒரு பிள்ளை முதல் நேர்முகத் தேர்வில் வெறுங்கையோடு உட்காராமல் இருக்கும்.