மறுமுனையில் வைத்தியர் வேண்டும்

மடுல்சீமைத் தோட்டங்களில் நள்ளிரவில் ஒரு கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு ஏற்பட்டால், தோட்ட வைத்திய உதவியாளரோ குடும்பநல உத்தியோகத்தரோதான் முதலில் முடிவெடுக்க வேண்டியுள்ளது. பதுளை வைத்தியசாலையோ மலைப்பாதைக்கு அப்பால் உள்ளது. 2025 நவம்பரில் ‘டித்வா’ புயலின்போது ஏற்பட்ட மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தின் பாதைகளையே துண்டித்தன.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலேயே ஆந்திராவின் அரகொண்டா கிராம வைத்தியசாலை செய்மதி வழியாக நிபுணர்களுடன் இணைக்கப்பட்டது. 2019இல் ஆரம்பமான ‘இ-சஞ்சீவனி’ திட்டம் கிராம சுகாதாரப் பணியாளர்களைக் காணொளி மூலம் வைத்தியர்களுடன் இணைக்கின்றது.

கைத்தொலைபேசி இன்று தோட்டங்களிலும் உண்டு. ஆனால், அழைப்பை ஏற்று, நோயாளியின் மொழியில் வினவி, ஆலோசனைக்குப் பொறுப்பேற்கும் வைத்தியர் இரவிலும் கடமையில் இருத்தல் வேண்டும். மின்தடையிலும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இயங்க வேண்டும். ஊவா மாகாண சுகாதார அதிகாரிகள் அடுத்த மழைக்காலத்திற்கு முன்னரேனும் இவற்றை உறுதிசெய்வார்களா?