பட்டறைக்கும் களப்பணி வேண்டும்

களப்பணி என்றவுடன் நம் தமிழ்த்துறை மாணவர்க்குத் தாலாட்டும் ஒப்பாரியுமே நினைவிற்கு வருகின்றன. ஒலிப்பதிவுக் கருவியோடு சிற்றூருக்குச் சென்று, முதிய பெண்மணி ஒருவரைப் பாடச் செய்து மாலையில் திரும்பிவிடுவர். பொருள்களை வடிவமைக்கும் பட்டறையும் அம்முறைக்குரிய களமே என்பது என் கருத்து.

பிறர் வாழ்வை அவர்தம் நோக்கிலேயே அறிந்து எழுதுவதை இனவரைவியல் என்பர். இதனை மேலைநாட்டுப் புதுமை எனக் கருத வேண்டுவதில்லை. கி.பி. 1030ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி நூல் செய்த அல்பிரூனி, அதற்கெனச் சமஸ்கிருதம் பயின்று பண்டிதர்களிடம் கேட்டறிந்தார். உணவும் பறையும் தொழிலும் நிலந்தோறும் வேறாதலைக் கருப்பொருள் என வகுத்த தொல்காப்பியமும் நம்மிடம் உண்டு.

வடிவமைப்பில் இதன் பயனைக் காட்டியவர்கள் அமெரிக்கரான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர். இந்திய அரசின் அழைப்பில் வந்து நாடு சுற்றிய அவர்கள், 1958இல் அளித்த அறிக்கையில் நம் வீட்டுச் செம்பையே வியந்து போற்றினர். எத்தகைய கை அதனைப் பற்றும், இடுப்பில் சுமப்பரா தலையில் சுமப்பரா, நிறைந்தபோது சாயாது நிற்குமா என வினாக்களை அடுக்கினர். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

செம்பைப் போன்றதே நம் சங்ககிரி லாரியும். சேசிஸை மட்டும் வாங்கிவந்து கேபினும் பாடியும் கட்டுதல் இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். படுக்கைப் பலகையின் நீளம், தண்ணீர்க் குடம் வைக்கும் இடம், தார்ப்பாய்க் கயிற்றுக்கான கொக்கிகள், முகப்பில் வேலா பிறையா சிலுவையா என்பதுவரை கேட்டே கட்டினர். கேட்பவரும் சொல்பவரும் ஒரே தேநீர்க் கடையில் அமர்ந்தவர்கள். இனவரைவியல் என்னும் பெயரை அவர்கள் அறியார், அவ்வளவே.

இன்று கேபின்கள் பெரும்பாலும் ஆலையிலேயே முடிந்து வருகின்றன. 1.10.2025 முதல் உருவாக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் வேண்டும் என மைய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. வெயிலில் வேகும் ஓட்டுநர்க்கு இது நன்மையே. ஆயினும், இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சரக்கிறக்கக் காத்திருக்கும் இரவில் அவர் எங்கே உறங்குகிறார்? வரைபலகை முன் அமர்ந்து இதற்கு விடை காண இயலாது.

உடன் பயணம் செய்து கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும் மொழி நம் மாணவர்க்கு உண்டு. "இது இலக்கியம் ஆகுமா?" என்று சிலர் வினவக்கூடும். ஒப்பாரியும் ஒருகாலத்தில் அவ்வினாவைச் சந்தித்ததே! வரும் ஆண்டு முதுகலை ஆய்வேடுகளுள் ஒன்றேனும் லாரிப் பட்டறையில் தொடங்கட்டும். கொக்கியின் பெயர்களைக் குறித்து வருவதிலிருந்தே தொடங்கலாம்.