வெண்மை தரும் குழாய்

தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவ மழைகளையும் பெறுகிற நாஞ்சில் நாட்டிலே ஈரத்துக்குக் குறைவில்லை. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள வயல்களில் உழைப்போருக்குச் சேற்றுப்புண்ணும், வியர்வையில் நனைந்த துணியோடு பகல் முழுவதும் இருப்போருக்குப் படர்தாமரையும் வருவது புதிதல்ல. அரிப்புத் தாளாமல் மருந்துக் கடைக்குச் சென்று, "நல்ல களிம்பாக ஒன்று கொடுங்கள்" என்கிறோம். கடைக்காரர் ஒரு சிறு குழாயை எடுத்து நீட்டுகிறார். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. அவரை மனமார வாழ்த்துகிறோம். வியாதி எங்கே போயிற்று என்று மட்டும் விசாரிப்பதில்லை.

அது எங்கும் போகவில்லை. கடைகளில் விற்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில், பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு வீரியமுள்ள ஸ்டிராய்டும் சேர்ந்திருக்கிறது. ஸ்டிராய்டு என்பது சருமத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தணித்து, சிவப்பையும் அரிப்பையும் அடக்குவது. காவற்காரன் உறங்கினால் திருடனுக்குக் கொண்டாட்டந்தானே? பூஞ்சை ஓசையின்றிப் பரவுகிறது. வட்ட வட்டமாக இருந்த படை உருமாறிவிடுவதால் வைத்தியருக்கே அதை அடையாளங் காண்பது கடினமாகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் உக்கிரமாகக் கிளம்புகிறது.

இதனால் ஸ்டிராய்டே விஷம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். கார்ட்டிஸோன் பற்றிய ஆராய்ச்சிக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1952-இல் ஸல்ஸ்பர்கர், விட்டன் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் ஹைட்ரோகார்ட்டிஸோனைக் களிம்பாகப் பூசிக் கரப்பான் போன்ற வியாதிகள் தணிவதைக் காட்டினார்கள். அரித்து அரித்து இரவெல்லாம் அழும் குழந்தைக்கு அது ஒரு வரப்பிரசாதம். வைத்தியர் எழுதிக் கொடுத்த களிம்பைப் பயத்தினால் பட்டும் படாமலும் தடவி, கரப்பானை முற்ற விடும் தாய்மாரும் உண்டு. அதுவும் தவறே.

நாம் பெரிதும் கவலைப்படுவது முகத்தைப் பற்றித்தான். 1962-இல் மெக்கன்ஸி, ஸ்டௌட்டன் என்ற இருவர் இம்மருந்துகளின் வீரியத்தை அளக்க ஒரு வழி கண்டார்கள். மருந்தைத் தோலில் பூசினால் இரத்தக் குழாய்கள் சுருங்கி அவ்விடம் வெளுக்கும். அந்த வெளுப்பைக் கொண்டே மருந்தின் வலிமையைக் கணித்தார்கள். விஞ்ஞானிகள் அளவுகோலாகக் கொண்ட அதே வெளுப்பைத்தான் நம் வீட்டுப் பெண்கள் "நிறம் வந்துவிட்டது" என்று கண்ணாடியில் பார்த்து மகிழ்கிறார்கள். மங்குக்காக வைத்தியர்கள் சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்கும் மொமெட்டஸோன் கலந்த பூச்சை, கலியாணம் நிச்சயமான நாள் முதல் வருஷக் கணக்கில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னர் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரிகின்றன, பருக்கள் மண்டுகின்றன, பெண்களின் முகத்தில் ரோமம் முளைக்கிறது. நிறுத்தினாலோ முகம் சிவந்து எரிகிறது. அந்த எரிச்சலைத் தணிக்க மறுபடியும் அதே குழாயைத்தான் நாடுகிறார்கள்.

நம் தேசத்தில் 12 வைத்திய நிலையங்களில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2011-இல் வெளியாயிற்று. முகத்தில் சரும வியாதியோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டிராய்டு பூசி வந்தவர்கள். அவர்களில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் வைத்தியரே அல்ல. வெள்ளைக்காரன் 1947-லேயே கப்பலேறிவிட்டான்; வெள்ளை நிறத்தின் மேலுள்ள மோகம் மாத்திரம் பெண் பார்க்கும் கூடத்தில் இன்னும் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது!

2018 மார்ச்சில் மத்திய சர்க்கார் இத்தகைய 14 ஸ்டிராய்டுப் பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்று விதி செய்தது. விதி ஏட்டில் இருக்கிறது. சீட்டில்லாமல் கேட்பதை நாமும் நிறுத்தினாலன்றி அது கடைக்கு இறங்கி வராது. குழாயின் மேல் பீட்டாமெத்தஸோன், மொமெட்டஸோன், குளோபெட்டஸால் என்ற பெயர்களில் எதுவாயினும் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். குளோபெட்டஸால் இவற்றுள் மிகவும் வலியது. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய மெல்லிய இடங்களுக்கு அதைத் தாமாகக் கொண்டு செல்லலாகாது. கண்ணிமையருகே நெடுநாள் பூசினால் கண்ணுக்கே கேடு வரும். குழந்தைகளின் உடலோ மருந்தை அதிகமாக உள்ளிழுக்கும்.

வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அளவு இது: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்கு அது போதும். எத்தனை நாள் என்பதையும் அவரிடமே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கில் பூசி வந்தவர்கள் இதைப் படித்த வேகத்தில் குழாயை வீசிவிட வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ வேறு சரும வைத்தியரிடமோ சென்று, படிப்படியாக விடும் முறையைக் கேட்டறியலாம். போகும்போது காலிக் குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "ஏதோ ஒரு வெள்ளைக் களிம்பு" என்று சொன்னால் எந்த வைத்தியருக்கும் விளங்காது.