பதினெட்டில் முடிவதா அரசின் பொறுப்பு?

நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்ட மக்களவைத் தொகுதி ஹைதராபாதை ஒட்டிய மல்காஜ்கிரி. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் 2009-இல் முதல் தேர்தலைச் சந்தித்த இங்கு, 2024-இல் வாக்காளர் எண்ணிக்கை 37 லட்சத்தைத் தாண்டியது. இத்தனை பெரிய வாக்காளர் பட்டியலிலும் ஒரு பிரிவினரை எந்தக் கட்சியும் தனியே கருதிப் பார்ப்பதில்லை. பெற்றோரை இழந்தோ, கைவிடப்பட்டோ குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது நிறைந்ததும் வெளியேறும் இளைஞர்கள்தான் அவர்கள்.

பதினெட்டாம் வயது மற்றவர்களுக்கு வாக்குரிமையைத் தருகிறது. இவர்களுக்கோ அதனுடன், இருந்த இடத்தைக் காலி செய்ய வேண்டிய கட்டாயத்தையும் தருகிறது. வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்ட வழியில்லை. பொறுப்பேற்க உறவினரும் இல்லை.

சட்டம் இவர்களை அடியோடு மறந்துவிட்டது என்று கூற முடியாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, இல்லத்தைவிட்டு வெளியேறுவோருக்கு நிதியுதவி ‘வழங்கப்படலாம்’ என்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் பிற்காப்பை 21 வயது வரையிலும், விதிவிலக்கான சூழலில் மேலும் 2 ஆண்டுகளுக்கும் அனுமதிக்கின்றன. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் இதற்கென மாதம் ரூ.4,000 வழங்க வகை செய்துள்ளது. ஆனால், ‘வழங்கப்படலாம்’ என்பது சலுகையே தவிர உரிமை ஆகாது. வழங்காவிட்டால் கேட்பாரில்லை.

அச்சட்டம் நிறைவேறிய சூழலை நினைவுகூர்வது அவசியம். 2012 தில்லி பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்ட இளம் குற்றவாளி 2015 டிசம்பர் 20-இல் விடுதலையானார். இரண்டே நாள்களில் மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. கொடுங்குற்றம் புரியும் 16 வயதினரை வயது வந்தோராகக் கருதி விசாரிக்கலாமா என்பதே விவாதத்தை ஆட்கொண்டிருந்தது. எக்குற்றமும் செய்யாத 18 வயதினரைப் பற்றிய ‘வழங்கப்படலாம்’ அப்படியே தங்கிவிட்டது. 2021-இல் சட்டம் திருத்தப்பட்டபோதும் அது மாறவில்லை.

முன்னுதாரணம் இல்லை என்று மத்திய அரசு கூற இயலாது. கரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2021-இல் அறிவிக்கப்பட்ட பி.எம். கேர்ஸ் திட்டம், 18 வயது முதல் 23 வயது வரை மாத உதவித்தொகையும், 23 வயதில் ரூ.10 லட்சமும் வழங்க வகை செய்தது. பதினெட்டு வயதில் ஒருவர் சொந்தக் காலில் நின்றுவிட முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கரோனாவில் பெற்றோரை இழந்தவருக்கு உள்ள நியாயம், காசநோயிலோ சாலை விபத்திலோ இழந்தவருக்கு இல்லையா?

பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, அங்கீகரிக்கப்பட்ட இல்லங்களில் வளர்ந்த ஆதரவற்றோரைத் தெலங்கானாவும் தமிழகமும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்துள்ளன. இது பாராட்டுக்குரியது. ஆனால், கல்லூரியில் இடம் கிடைத்தவருக்குத் தங்க இடம் வேண்டாமா?

சிறுவர்களுடன் வயது வந்தோரைத் தங்க வைக்கலாகாது என்ற வாதம் நியாயமானதே. அதற்காகத்தான் சிறு குழுக்களாகத் தங்கும் தனி வீடுகளுக்கு விதிகளில் இடமுள்ளது. அமெரிக்காவில் வளர்ப்புப் பராமரிப்பை 21 வயது வரை நீட்டிக்கும் மாநிலங்களுக்கு மத்திய நிதி வழங்க 2008-லேயே சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்தில், வளர்ப்புக் குடும்பத்துடனேயே 21 வயது வரை தங்குவதற்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது.

மல்காஜ்கிரியிலிருந்து 2019-இல் மக்களவைக்குச் சென்ற ரேவந்த் ரெட்டி, 2023 டிசம்பரில் மாநில முதல்வரானார். 2024-இல் அதே தொகுதியில் வென்றவர் மத்தியில் ஆளும் பாஜகவின் ஈட்டல ராஜேந்தர். மாநில விதிகளில் பிற்காப்பைக் கட்டாயமாக்க முதலாமவர் முனையலாம். ‘வழங்கப்படலாம்’ என்பதை ‘வழங்கப்பட வேண்டும்’ எனத் திருத்தவும், வயது வரம்பை 23 ஆக உயர்த்தவும் தனிநபர் மசோதாவை இரண்டாமவர் கொண்டு வரலாம். கட்சி வேறுபாடு குறுக்கே நிற்க வேண்டிய விஷயமல்ல இது. பதினெட்டு வயதில் வாக்கைக் கேட்டு வருபவர்கள், அந்த வாக்காளருக்கு அன்றிரவு தங்க இடமிருக்கிறதா என்றும் கேட்பதே முறை.